எல்நோரா பச்சை போட்ட குரல்கள்

எல்நோராவுக்குப் பயம் வந்தால் குரல் இனிக்கும். இது அவளுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை, இலோய்லோவில் பிறந்த எங்கள் எல்லோருக்கும் உள்ளதுதான். கோபம் வந்தாலும் எங்கள் பேச்சு ராகம் இழுக்கும், துக்கம் வந்தாலும் இழுக்கும். மணிலாக்காரர்களுக்கு எங்களைக் கேலி செய்வது ஒரு பொழுதுபோக்கு. இலோய்லோக்காரன் கொலை மிரட்டல் விட்டால்கூடக் கேட்கிறவனுக்குத் தூக்கம் வந்துவிடும் என்பார்கள். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். இப்போது யாராவது அப்படிச் சொன்னால் நான் எழுந்து போய்விடுகிறேன்.

நான் பெர்லிட்டா. எல்நோராவுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள். அவளைவிட நான் மூத்தவள் என்பதால் மனாங் பெர்லி என்று கூப்பிடுவாள். எங்கள் ஊரில் மனாங் என்றால் அக்கா. அவளைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை, அது ஏன் என்பது போகப்போகத் தெரியும். ஆனால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

அவள் கிம்பாலில் கடற்கரை ஓரம் பிறந்தவள். நர்ஸாக வேண்டும் என்று படிக்கப் போய், இரண்டாம் வருஷத்தில் அப்பா படகோடு காணாமல் போனதால் படிப்பை விட்டவள். இருபத்திரண்டு வயதில் வில்மரைக் கட்டிக்கொண்டாள். வில்மர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒருவன் கப்பலில் இருப்பான் என்பதால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதிசயம் வில்மரின் வாய்தான். ராகமாகப் பேசுகிற ஊரில் ராகமே இல்லாமல் கத்துகிறவன். பெண்டாட்டியைக் கூப்பிட "ஏய்", மகள் ஜெசாவைக் கூப்பிட "ஏய்", விட்டால் பாதிரியாரையும் அப்படித்தான் கூப்பிடுவான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் தன்னைக் கொஞ்சிக் கூப்பிட்டது ஒரே ஒருநாள் என்று எல்நோரா ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

ஆற்று வெள்ளம் அவர்கள் குடியிருந்த ஹாரோ பகுதிக்குள் புகுந்த வருஷம் அது. ஜெசாவுக்கு இரண்டு வயது. தண்ணீர் மார்பு வரை ஏறிவிட்டது. வில்மர் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் எல்நோராவைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தான். அந்த அரைமணி நேரமும் அவளைப் பலங்கா, பலங்கா என்றே கூப்பிட்டானாம். கண்ணே என்று அர்த்தம். எங்கள் ஊரில் காய்கறிக்காரிகூட வாய்க்கு வாய் சொல்லும் வார்த்தை, வில்மர் வாயில் மட்டும் வராத வார்த்தை.

"அன்னைக்குத்தான் மனாங் எனக்கு உசுர் போற பயம் வந்துச்சு" என்றாள் எல்நோரா. "தண்ணியப் பாத்து இல்ல. இவரு என்னப் பலங்கான்னு கூப்பிட்டதக் கேட்டு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்படி ஒரு புருஷனா என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில், கடலில் இருப்பவர்கள் மனம் கஷ்டப்பட்டால் பேசுவதற்கென்று ஒரு போன் வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் எடுத்துப் பேச எட்டுப் பெண்கள் இருந்தோம். தூக்கமில்லாதவன், மேலதிகாரியிடம் அடி வாங்கியவன், குழந்தை பிறந்ததை வீடியோவில் பார்த்து அழுதவன், எல்லோரும் பேசுவார்கள். எல்நோரா அதில் கெட்டிக்காரி. அவள் "ம்" என்று சொன்னாலே எதிரில் இருப்பவன் மூச்சு விடுவான்.

பிறகு மனாங் செலி வந்தாள். வந்தாள் என்று சொல்வது பழக்கதோஷம், அது இயந்திரம். மணிலாவில் செய்தது. கப்பலில் இருப்பவன் போனில் பேசினால் அவன் குரலைக் கேட்டே அவனுக்குச் சந்தோஷமா, துக்கமா, பயமா என்று கண்டுபிடிக்கும். அதற்கேற்ற குரலில் பதிலும் சொல்லும். அழுதவனிடம் அதன் குரலும் தழுதழுக்கும், சிரித்தவனோடு சிரிக்கும். முதல் நாள் அதைக் கேட்டபோது எனக்கு முதுகு சில்லிட்டது. செத்துப்போன ஒருத்தி பாசமாகப் பேசுவது மாதிரி இருந்தது. கப்பல்காரர்களுக்கு என்னவோ அதைப் பிடித்துப்போனது. எந்த நேரமும் எடுக்கும், அலுத்துக்கொள்ளாது, ஊரில் யாரிடமும் சொல்லாது.

பேசி முடித்ததும் ஒவ்வொருவன் பெயருக்கும் எதிரில் மனாங் செலி ஒரு புள்ளி வைக்கும். பச்சை என்றால் நிம்மதியாக இருக்கிறான். மஞ்சள் என்றால் பார்த்துக்கொள்ள வேண்டும். சிவப்பு என்றால் பயத்தில் இருக்கிறான், உடனே மனிதர் யாராவது பேச வேண்டும். எட்டுப் பேரில் ஆறு பேரை அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது எல்நோராவும் நானும்.

ஆனால் இயந்திரத்துக்கு எங்கள் ராகம் புரியவில்லை. அதனால் எங்களையே அதற்கு வாத்தியார்களாக்கினார்கள். பழைய பேச்சுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன, அன்றன்று வருபவையும் அதில் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் கேட்டு இது பயம், இது கோபம், இது நிம்மதி என்று நாங்கள் குறிக்க வேண்டும். அதைப் பார்த்து அது கற்றுக்கொள்ளும். கப்பல்காரன் வாயில் வருவதில் பாதி விளையாட்டு, வார்த்தையை நம்பாதே, குரலை நம்பு என்று அதற்கு ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்கள்.

இங்கேதான் நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். ஊர்க்காரர்களுக்கு ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

சிவப்பு விழுந்தவனுக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். கம்பெனி டாக்டரிடம் போகும். மனநிலை சரியில்லை என்று ஒரு தாளில் எழுதி அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். அந்தத் தாள் இருக்கிறவனை அப்புறம் எந்தக் கப்பலும் ஏற்றாது. வீடு பாதியில் நிற்கும், பிள்ளை படிப்பு நிற்கும். குரல்களுக்குச் சொந்தக்காரர்கள் யார்? என் பக்கத்து வீட்டுப் பையன், எல்நோராவோடு படித்தவன், சர்ச்சில் எனக்கு முன்வரிசையில் உட்காருகிறவளின் புருஷன். அவர்கள் அடுத்த பயணமும் போகவேண்டியவர்கள். நடுங்கும் குரலைக் கேட்டால் எல்நோராவின் விரல் ஒரு நொடி நிற்கும். பிறகு பச்சையை அழுத்தும். நானும் அதையேதான் செய்தேன். அவள் அறுநூறுக்கு மேல் அப்படிப் போட்டிருப்பாள், நான் ஒரு இருநூறு. பாவம் பார்த்தோம். பாவம் பார்ப்பதில் தப்பென்ன என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

மனாங் செலி கருத்தான மாணவி. எங்கள் ஊர்க்காரன் பயந்து பேசும் குரலை நிம்மதி என்றே கற்றுக்கொண்டது.

அதன் பிறகு எங்கள் திரை முழுக்கப் பச்சை. கம்பெனிக்கு ஒரே குஷி. மேனேஜர் ரோமெல், மணிலாவிலிருந்து வந்தவர், இலோய்லோக்காரர்கள் இவ்வளவு பொறுமைசாலிகளா என்று வியந்து எங்களுக்கு ஒரு பெட்டி கேக் வாங்கித் தந்தார். தின்றோம்.

எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டு மணி இருக்கும். தினமும் பச்சைப் புள்ளிகளில் இருபதை எடுத்துச் சும்மா கேட்டுப் பார்ப்பது என் வேலை. அன்று எனக்கு விழுந்த ஏழாவது குரல் வில்மருடையது, ஒரு மணி நேரத்துக்கு முன் பதிவானது. சொந்தக்காரர்களின் பேச்சைக் கேட்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எனக்கு அவன் சொந்தமில்லை என்பதால் கேட்டேன். கேட்டால் சிரிப்பு தாங்கவில்லை. அந்த முரட்டுப் பயல் இயந்திரத்திடம் அப்படிக் குழைகிறான். மனாங் செலி அவன் பெயருக்கு எதிரில் பச்சை வைத்து, அன்பு மிகுதி என்று வேறு குறித்திருந்தது.

நான் ஹெட்போனைக் கழற்றி எல்நோராவிடம் நீட்டினேன். வீட்டில் ஏய், இங்கே என்ன கொஞ்சல் என்று பார், உனக்குச் சக்களத்தி வந்தாச்சு என்று சீண்டினேன். விதியை மீறித்தான் கொடுத்தேன். அவள் வெட்கப்படுவாள், அதைப் பார்க்கலாம் என்ற ஆசை.

அவள் சிரித்துக்கொண்டேதான் வாங்கி மாட்டினாள். வில்மரின் குரல் எனக்கும் லேசாகக் கேட்டது.

"மனாங், பலங்கா, சாப்பிட்டியா? நான் நல்லா இருக்கேன். பத்து மணிக்கு அஞ்சாம் நம்பர் டேங்க்ல இறங்கணும், ஏணி ஒடஞ்சிருக்கு, வெல்டிங் வைக்கணும். அஞ்சு மாசமா மூடியே கெடக்கு. காத்துப் பாக்குற மீட்டர எங்க வச்சாலும் ஒரே நம்பர்தான் காட்டுது, மேல வச்சாலும் அதான், கீழ வச்சாலும் அதான், தமாஷா இருக்கு. சீஃப் ஆபீசர் நல்ல மனுஷன், பலங்கா. அவசரம்னு சொல்றாரு. எறங்க வேண்டியதுதான்."

அதற்கு மனாங் செலி சொன்ன பதிலும் கேட்டது. தேன் ஒழுகும் குரல்.

"உன் பேச்சுல எவ்வளவு அன்பு இருக்கு தம்பி. மனசு தெளிவா இருக்க. மூச்ச மெதுவா இழுத்து விடு. நீ இந்த வேலைய அழகா முடிச்சிருவ."

வில்மர் மூச்சை இழுத்து விட்டான். அதுவும் கேட்டது. சரி மனாங், உன்னிடம் பேசினால் போதும், பயமே போய்விடுகிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

நான் எல்நோராவின் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் மொத்தமும் வடிந்திருந்தது. வெள்ளத்துக் கதை எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 

மூடிக்கிடந்த டேங்க் என்றால் என்ன என்பது கப்பல்காரன் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். கப்பலின் அடியில் கடல்நீர் நிரப்பும் இருட்டறை அது. மாதக்கணக்கில் பூட்டியிருந்தால் உள்ளே துருப்பிடித்து, அந்தத் துரு காற்றில் உள்ள உயிர்வாயுவைத் தின்றுவிடும். பார்க்க ஒன்றும் தெரியாது, வாடை வராது. இறங்குகிறவன் நாலு படியில் மயங்கி விழுவான். தூக்கப் போகிறவனும் விழுவான். அதற்காகத்தான் மீட்டர். அந்த மீட்டர்தான் கெட்டுப்போய், எங்கே வைத்தாலும் ஒரே எண்ணைக் காட்டுகிறது.

கப்பல் தென்னாப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே பத்து மணி என்றால் எங்களுக்கு மாலை நாலு. எல்நோரா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு இருபது. வில்மரின் போனுக்குச் செய்தி அனுப்பினாள், போகவில்லை. கப்பலில் காலையில் ஒரு மணி நேரம்தான் இணையம் திறப்பார்கள், அது முடிந்துபோயிருந்தது. திரும்பத் திரும்ப அனுப்பினாள். 

ரோமெல் அறைக்குப் போனோம். எல்நோரா நடந்ததைச் சொன்னாள். சொன்ன குரலைக் கேட்டிருக்க வேண்டும், பூவாய்ப் பொழிந்தாள். சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார், ஒரு சின்ன உதவி சார் என்று ஆரம்பித்தாள். ரோமெல் கெட்டவர் இல்லை. திரையைத் திருப்பிக் காட்டினார். பச்சை, அன்பு மிகுதி. கப்பல் முதலாளியின் அவசர எண்ணுக்குச் சிவப்பு இருந்தால்தான் கூப்பிடலாம், பச்சைக்குக் கூப்பிட்டால் ஏஜென்சிக்குக் கெட்ட பெயர் என்றார். பெண்டாட்டி என்றால் பதறத்தான் செய்யும் என்று ஆறுதலும் சொன்னார்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஆபீஸ் போன்களிலும் மனாங் செலி கேட்டுக்கொண்டுதான் இருக்கும், எங்கள் குரலுக்கும் புள்ளி வைக்கும். எல்நோரா அந்த அறையில் பேசியதை மேசைப் போன் பதிந்திருந்தது, அதில் ஒரு நிமிஷத்தை அதற்குப் போட்டுக் காட்டினார். பச்சை விழுந்தது. பாரும்மா, நீயே நிதானமாகத்தான் இருக்கிறாய் என்றார்.

பிசாசு, கொலைகாரன் என்றெல்லாம் நிறையப் பயந்திருக்கிறேன். அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்து நான் பயந்த மாதிரி எதற்கும் பயந்ததில்லை. என் பக்கத்தில் ஒருத்தி உயிர் துடிக்க நிற்கிறாள். அவள் துடிக்கவில்லை என்று அது சொல்கிறது, அவர் அதை நம்புகிறார். அப்படிச் சொல்ல அதற்குக் கற்றுக்கொடுத்தது நாங்கள்.

மணி மூன்று. எல்நோரா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அதுக்கு எங்க பயம் தெரியாது. நான்தான் தப்பாச் சொல்லிக்குடுத்தேன்" என்றாள். "பயந்து பேசினவங்களுக்கெல்லாம் பச்ச போட்டேன். வேணும்னேதான் போட்டேன்."

ரோமெலுக்குப் புரியவில்லை. அவளே திரையின் முன் உட்கார்ந்து பழைய பேச்சு ஒன்றைத் தேடி எடுத்தாள். துமாங்காஸ் ஊர்ப் பையன் ஒருவனின் குரல் தாலாட்டு மாதிரி வந்தது. எங்கள் மொழி தெரியாத ரோமெல், குழந்தையைத் தூங்க வைக்கிறானா என்று கேட்டார்.

"இல்ல சார். சமையல்காரரு ரொம்ப நல்லவரு, தெனமும் ராத்திரி என் கதவத் தட்டிட்டுப் போறாருங்கிறான். நான் கதவக் கயித்தால கட்டிட்டுத்தான் படுக்கிறேன், சும்மா ஒரு பழக்கம்ங்கிறான். செவப்பு போட்டுராதீங்கன்னு கெஞ்சினான், பச்ச போட்டேன். அடுத்த வாரம் கையில பதினாலு தையலோட எறங்கினான். இந்த மாதிரி அறுநூறு இருக்கு சார்."

 ரோமெல் என்னைப் பார்த்தார். நீங்களும் போட்டீர்களா என்று அந்தப் பார்வை கேட்டது. என் வாய் திறக்கவில்லை. என் இருநூறு என் நாக்கில் உட்கார்ந்திருந்தது. எனக்கு இரண்டு பேரப்பிள்ளைகள், கணவருக்குச் சர்க்கரை, இந்த வேலையை விட்டால் ஐம்பத்தாறு வயதில் எவன் கொடுப்பான் என்று கணக்குப் போட்டது மனம். எல்நோரா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் என்றுதான் சொன்னாள், கடைசி வரை. நாங்கள் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

இதை எழுதிக் கொடுத்தால்தான் புள்ளியைக் கையால் மாற்ற முடியும், எழுதினால் உன் வேலை இன்றோடு போய்விடும், வழக்குகூட வரலாம் என்றார் ரோமெல். உன் புருஷனுக்கும் அப்புறம் கப்பல் கிடைக்காது என்றார்.  எல்நோரா அங்கேயே தட்டினாள். பெயரைப் போட்டாள். வில்மரின் பச்சை சிவப்பானது. ரோமெல் சிங்கப்பூரில் இருந்த கப்பல் முதலாளியின் ஆபீசுக்குப் போன் போட்டபோது மணி மூன்று இருபத்தைந்து.

சிங்கப்பூர்க்காரர் இரண்டுமுறை கேள்வி கேட்டுவிட்டுக் கப்பலைக் கூப்பிடுகிறேன் என்று வைத்தார். அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர ஒன்றும் இல்லை. எல்நோரா மாதாவிடம் மன்றாடினாளா என்று தெரியாது, உதடு அசையவில்லை. மூன்று ஐம்பதுக்கு எழுந்து எல்லோருக்கும் காபி போட்டாள். சர்க்கரை போதுமா சார் என்று அவரிடமும், போதுமா மனாங் என்று என்னிடமும் அத்தனை இனிப்பாகக் கேட்டாள். எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. நாலு மணி ஆனது. நாலு ஐந்து. நாலு பத்துக்கு அவள் என் கையைப் பிடித்தாள், ஐஸ் மாதிரி இருந்தது. அவள் மனதில் வில்மர் இந்நேரம் கீழே கிடந்தான். என் மனதிலும்தான். இயந்திரம் சொன்னபடி மூச்சை மெதுவாக இழுத்து விட்டுக்கொண்டே இறங்கியிருப்பான்.

நாலு இருபத்தெட்டுக்குப் போன் அடித்தது. ரோமெல் எடுத்தார், கேட்டார், தலையை ஆட்டினார், பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டார். செய்தி இதுதான். டேங்கின் மூடியைத் திறந்து வில்மர் ஏணியில் மூன்று படி இறங்கியபோது கேப்டன் ஓடிவந்து கத்தி மேலே ஏற்றியிருக்கிறார். தன் அறையில் வைத்திருந்த வேறொரு மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கியிருக்கிறார். பத்தடி இறங்கியதும் அது அலற ஆரம்பித்துவிட்டது.

எல்நோரா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆறு நாள் கழித்து டர்பன் துறைமுகத்தில் வில்மரை இறக்கிவிட்டார்கள், அந்தத் தாளோடு. அங்கிருந்து போன் செய்தான். அப்போது எல்நோரா வேலை போய் வீட்டில் இருந்தாள், நான் பார்க்கப் போயிருந்தேன். ஏய், உனக்கென்ன பைத்தியமா, உன்னை யார் கேட்டது, ஒரு டேங்குக்காக என் பிழைப்பைக் கெடுத்துவிட்டாயே என்று அவன் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. எல்நோரா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். என்ன அழுகை என்று அவன் அதற்கும் கத்தினான். இன்னும் திட்டுங்க, இன்னும் திட்டுங்க என்றாள்.

ஆபீசில் அந்த அறுநூறையும் திரும்பக் குறிக்கும் வேலை எனக்கு வந்தது. என் இருநூறையும் யாருக்கும் தெரியாமல் அதோடு சேர்த்து மாற்றினேன். மனாங் செலி மறுபடி கற்றுக்கொண்டது. புதிதாகக் கற்றதும் ஒரு திங்கட்கிழமை காலை நான் திரையைத் திறந்தேன். இருநூற்றுப் பதினோரு பேர் கடலில் இருந்தார்கள். அறுபத்து மூன்று சிவப்பு. முந்தின நாள்வரை பச்சையாக இருந்த அதே ஆட்கள். எட்டு மாதமாகப் பயந்துகொண்டு, இனிக்க இனிக்கப் பேசி, தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கப்பட்ட ஆட்கள். 

அவர்களில் பதினெட்டுப் பேர் வீடு திரும்ப வேண்டியதாயிற்று. ஊரில் யாரும் எல்நோராவுக்கு நன்றி சொல்லவில்லை. காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். சர்ச்சில் அவள் பெஞ்சில் இடம் காலியாகவே இருந்தது. நான் போய் உட்கார்ந்தேன், அதுவும் மூன்றாவது வாரம்தான்.

இப்போது அவள் மோலோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். கருந்துவரையும் பலாக்காயும் பன்றிக்கறியும் போட்ட குழம்பு அவள் கையில் நன்றாக வரும். வில்மர் விறகு, தண்ணீர், பாத்திரம் எல்லாம் பார்த்துக்கொள்கிறான். ஏய், உப்பு பத்தல, ஏய், அந்த மேசையத் தொடச்சு விடு என்று அவன் கத்துவதைக் கேட்பதற்காகவே நான் தினமும் மதியம் அங்கே போவேன். வேலை கேட்டு அவன் எழுதாத ஏஜென்சி இல்லை. ஏழு மாதம் ஆகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை நான் போனபோது கூட்டம் இல்லை. அவன் சட்டைப் பையில் மடித்த கடிதம் ஒன்று தெரிந்தது. மணிலாவில் மிஞ்சியிருந்த கடைசி ஏஜென்சியும் இனி எப்போதும் வேண்டாம் என்று எழுதிவிட்டதாம், எல்நோரா காதோரம் சொன்னாள். அவன் கடிதத்தைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். எனக்குத் தட்டு வைத்தான், தண்ணீர் வைத்தான். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினான்.

"பலங்கா, அந்தச் சட்டி கனமா இருக்கும், நான் தூக்கட்டா?" என்றான்.

எல்நோராவின் அகப்பை குழம்புக்குள்ளேயே நின்றது. அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். தினமும் குரல்களுக்கு நிறம் வைத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

"என்ன கலர் மனாங்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ரோமெல் அறையில் அன்று திறக்காத வாய் இன்று திறந்தது.

"செவப்பு" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் போய் நின்றாள்.